கால் பட்டதும் குனிந்தவன்

நேற்று சாயங்காலம் ரங்கூன் லான்மடாப் பேட்டையில் நான் வழக்கமாக உட்காரும் டீக்கடைக்குள் நாலைந்து வாலிபர்கள் மழையில் தொப்பலாக நனைந்து வந்து நுழைந்தார்கள். பந்தாடிவிட்டு வருகிறார்கள். அதில் ஒருவன் சேறு அப்பிய பந்தை என் மேஜைமேல், என் டீக்குப் பக்கத்திலேயே தூக்கி வைத்தான். கிழவன்தானே, என்ன சொல்லிவிடப் போகிறான் என்ற தைரியம். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அந்த வாசனை வந்துவிட்டது. நனைந்த தோலும் சேறும் நசுங்கிய புல்லும் கலந்த வாசனை. நான் டீயைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

எல்லாம் நம் பிள்ளைகள்தான். ஆனால் நாலு வார்த்தை தமிழ் பேசினால் ஆறு வார்த்தை பர்மிய மொழியில் விழுகிறது. அவர்களுக்குள் ஒரு சண்டை. உலகமே ஆடுகிற ஃபுட்பாலை அமெரிக்காக்காரன் மட்டும் ஏன் சீந்துவதில்லை? கையால் தொடக் கூடாது என்பதால்தான் என்றான் ஒருவன். இரண்டு மணி நேரம் பார்த்தாலும் ஒரு கோல் விழாது, அவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது என்றான் இன்னொருவன். வெள்ளைக்காரன் ஆட்டம், அவனோடு சண்டைபோட்டுப் பிரிந்தவன் எப்படி ஆடுவான் என்று மூன்றாமவன் சரித்திரத்தையே இழுத்தான். கடைசியில் என் பக்கம் திரும்பி, "தாத்தா, நீங்க தொரமாருகிட்ட வேல பாத்தவருதானே, சொல்லுங்க" என்றார்கள்.

எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். சொன்னது பொய். எனக்குத் தெரியும். ஒரே ஒரு அமெரிக்காக்காரரைத் தெரியும், அவ்வளவுதான். ஒருவரை வைத்து ஒரு தேசத்துக்கே தீர்ப்புச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் மட்டும் என்ன செய்தார்? முனியாண்டி என்ற கூலி ஒருத்தனை வைத்துத்தானே எங்கள் அத்தனை பேரையும் எடைபோட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷைக் காட்டி, பசுண்டவுங் ஓடைக்கரையில் ஒரு கிடங்கில் ரைட்டர் வேலையில் உட்கார்ந்திருந்தேன். ஆற்றுக்கு மேலே எண்ணெய்க் கிணறு தோண்டுகிற இடங்களுக்குப் போகும் இரும்புக் குழாய்களும் யந்திரச் சாமான்களும் அங்கேதான் வந்து இறங்கும். அதற்கு மேனேஜராக வந்தவர்தான் அந்த அமெரிக்காக்காரர், ஹார்லன். துரை என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது, மிஸ்டர் போதும் என்பார். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கூலியாட்களோடு சேர்ந்து தானும் குழாயைப் பிடிப்பார். மத்தியானம் மரப்பெட்டிமேல் உட்கார்ந்து எங்கள் முன்னாலேயே ரொட்டி தின்பார். இங்கிலீஷ் துரைகளைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அது பெரிய அதிசயம். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு ஆசைதான், முடியவில்லையே.

வந்த முதல் வெயில்காலத்தில் தன் ஊர் ஆட்டத்தை எங்களுக்குப் பழக்கப் பார்த்தார். தடி ஒன்று, கையளவு பந்து ஒன்று. ஒருத்தன் எறிய ஒருத்தன் அடிக்க மற்றவர்களெல்லாம் மைதானத்தில் அங்கங்கே நட்டுவைத்த கம்பு மாதிரி நிற்க வேண்டும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, சும்மா நிற்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. முனியாண்டி ஒரே அடியில் பந்தை ஓடைக்குள் அனுப்பிவிட்டு அங்கேயே நின்றான். ஓடு ஓடு என்று ஹார்லன் கத்துகிறார். "அதான் அடிச்சாச்சே, இன்னும் எதுக்கு ஓடணும்?" என்று என்னிடம் நிதானமாகக் கேட்டான் அவன்.

மழை பிடித்ததும் அந்தத் தடி அலமாரிக்குள் போயிற்று. எங்கள் பந்து வெளியே வந்தது. ரங்கூனில் ஃபுட்பால் மழைக்காலத்து ஆட்டம். தரை இளகினால்தான் வெறுங்காலுக்குச் சுகம். ஹார்லனுக்கு இது விளங்கவேயில்லை. எங்கள் ஊரில் மழை வந்தால் ஆட்டத்தை நிறுத்துவோம், நீங்கள் மழை வருவதற்காகக் காத்திருக்கிறீர்களே என்பார். இன்னொன்றும் அவருக்கு விளங்கவில்லை. கேட் காவலாளி கோ தெய்ன் தன் கூட்டாளிகளோடு வட்டமாக நின்று பிரம்புப் பந்தைக் காலால் தட்டித் தட்டிச் சின்லோன் ஆடுவான். கீழே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். யார் ஜெயித்தது என்று ஹார்லன் என்னிடம் கேட்டார். இதில் ஜெயிப்பது தோற்பது கிடையாது என்றேன். அப்படியானால் எதற்காக ஆடுகிறார்கள் என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

முனியாண்டி ராமநாதபுரத்துப் பக்கம். குழாய் தூக்குகிற கூலி. கிடங்கில் என்னை ரைட்டரய்யா என்பான், எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பான். மைதானத்தில் அதெல்லாம் கிடையாது. கணுக்காலில் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு அவன் முன்னால் ஓடுவான், நான் பின்னால் கோலுக்குப் பக்கத்தில் பெயருக்கு நிற்பேன். அந்த வருஷம் கூலிகளுக்கு ஒரு தலைவனைப் போடப்போவதாகவும் அது முனியாண்டிதான் என்றும் ஹார்லன் வாய்விட்டே சொல்லியிருந்தார். தலைவனுக்குக் கரையோர வரிசையில் தனி வீடு. வீடென்றால் ஒரு அறைதான். முனியாண்டிக்கு அது அரண்மனை. நாற்பது பேர் படுக்கும் கொட்டகையில் பெண்டாட்டியைக் கொண்டுவந்து வைக்க முடியுமா? மகள் பிறந்து மூன்று வருஷம், அவன் இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மழை விட்டதும் ரெண்டு பேரையும் கப்பலில் வரச்சொல்லி என்னைக் கொண்டுதான் கடுதாசி எழுதினான்.

அந்தச் சமயத்தில்தான் ஓடைக்கு அக்கரையிலிருந்த அரிசி மில்லோடு எங்களுக்கு ஆட்டம். ஹார்லன் குடை பிடித்துக்கொண்டு பார்க்க வந்தார். கொட்டுகிற மழை. முதல் பாதியில் எனக்கு முன்னால் வந்த பந்தைக் கோட்டைவிட்டேன். "மரமாட்டம் நிக்கிறியேடா, பந்த விட்டுட்டியேடா" என்று முனியாண்டி கத்தினான். மைதானத்தில் எப்போதும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முனியாண்டி ஒற்றை ஆளாகப் பந்தைக் கொண்டுபோனான். கோல் காத்துக்கொண்டிருந்த மில் கோலி பாய்ந்தவன் சேற்றில் வழுக்கிக் குப்புற விழுந்தான். பந்து அவன் தலைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. காலைத் தூக்கிய முனியாண்டி உதைக்கவில்லை. ஓடிவந்த வேகத்தில் அவன் பாதம் விழுந்தவன் தலையில் பட்டுவிட்டது. நம்மவன் என்ன செய்வான்? குனிந்தான், அந்தத் தலையைத் தொட்டான், தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். யோசித்துச் செய்கிற காரியமா அது? அதற்குள் மில்காரன் ஒருவன் வந்து பந்தை அடித்துத் தள்ளிவிட்டான். ஆட்டம் சமனில் முடிந்தது. இரண்டு பக்கத்து ஆட்களும் தோளில் கை போட்டுக்கொண்டு வெற்றிலை மென்றார்கள். கோலியின் அண்ணன் வந்து முனியாண்டியைக் கட்டிக்கொண்டான். ஹார்லன் மட்டும் குடையை மடக்காமலே போய்விட்டார்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். முனியாண்டியையும் வரச்சொல்லியிருந்தார். அவன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தலைவன் வேலையைப் பற்றித்தான் என்று நினைத்து நல்ல சட்டை போட்டு வந்திருந்தான். பேச்செல்லாம் இங்கிலீஷில், அவனுக்கு ஒரு வார்த்தை புரியாது. நேற்று அவன் நினைத்திருந்தால் கோல் போட்டிருக்கலாமா என்று ஹார்லன் கேட்டார். போட்டிருக்கலாம் என்றேன். தெரிந்தேதான் போடாமல் விட்டானா? ஆமாம், தெரிந்தேதான் விட்டான் என்றேன். பெருமையோடு சொன்னேன் ஐயா, அதுதான் வேடிக்கை. எங்கள் ஆள் எப்பேர்ப்பட்டவன் பாருங்கள் என்று சொல்கிற நினைப்பு எனக்கு. என் குரலைக் கேட்டு முனியாண்டிகூட லேசாகச் சிரித்தான்.

ஹார்லன் முகம் இறுகிப்போயிற்று. அவர் ஊரிலே, சின்ன வயதில் அவர் சாமியாகக் கும்பிட்ட ஆட்டக்காரன் ஒருவன் காசு வாங்கிக்கொண்டு தோற்றுக் கொடுத்தானாம். தொப்பியைத் தொடுவதுதான் அவன் சைகையாம். இவன் எதிராளியைத் தொட்டான், பிறகு கண்ணைத் தொட்டான், இது என்ன சைகை என்று கேட்டார். கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவது எங்கள் வழக்கம் என்றேன். ஜெயிக்கப் போகிற நேரத்திலா, எதிராளியையா என்றார். அவர் கேட்ட விதத்தில் எனக்கே அது அசட்டுத்தனமாகப் பட ஆரம்பித்தது. பிறகு என் கண்ணைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவனுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை என்று நீ உறுதியாகச் சொல்வாயா?

சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. நான் சொன்னது, "எனக்குத் தெரியாது சார்."

பயம் பாதி. அவனோடு சேர்த்து என்னையும் சந்தேகப்பட்டுவிட்டால் என் நாற்காலி என்னாவது? மீதிப் பாதி, அந்த 'மரமாட்டம் நிக்கிறியேடா'. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

தலைவன் வேலை மட்டுமல்ல, இருந்த வேலையும் போயிற்று. விலைபோனவன் என்ற பேச்சு ஓடைக்கரை முழுக்கப் பரவிவிட்டது. எந்த மேஸ்திரியும் அவனைச் சேர்க்கவில்லை. வரவேண்டாம் என்று வீட்டுக்கு ஒரு கடுதாசி எழுதச் சொன்னான். அதையும் நான்தான் எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்குக்கூட அழகாகத்தான் இருந்தது.

மெட்ராஸ் கப்பல் நிற்கிற துறைக்கு வழியனுப்பப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். காலை வெயில், நல்ல கூட்டம். அவனிடம் ஒரு தகரப்பெட்டி, ஒரு மூட்டை. "ரைட்டரய்யா, தொரகிட்ட அன்னிக்கு எனக்காக என்னதான் சொன்னீங்க?" என்று கேட்டான். குற்றம்சாட்டுகிற குரலே இல்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறான்.

"நீ காசு வாங்கலன்னு அடிச்சுச் சொன்னேன். அவரு கேக்கல" என்றேன்.

"தெரியும்யா. நீங்க பேசினப்ப ஒங்க மூஞ்சியப் பாத்தேனே. நமக்காக ஒரு மனுஷன் பேசுறாருன்னு நெனச்சேன்" என்றான். பிறகு பெட்டியைத் தலையில் ஏற்றத் திரும்பினான். கூட்டம் தள்ளியதில் அவன் கால் என் செருப்பின்மேல் பட்டுவிட்டது. பெட்டியைக் கீழே வைத்தான். குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிப்போய்விட்டான்.

அமெரிக்காக்காரனுக்கு ஃபுட்பால் ஏன் பிடிக்கவில்லை என்றால், ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவன் யார் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். சமன் என்றால் எங்கேயோ திருட்டு நடந்திருக்கிறது என்று நினைப்பான். இதுதான் என் கட்சி. தப்பாகவும் இருக்கலாம். ஆனால் ஹார்லன் தன் மனதில் பட்டதைத்தான் நம்பினார். நான் உண்மை தெரிந்தவன். அந்தப் பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது?

ஹார்லன் மறுவருஷமே ஊருக்குப் போய்விட்டார். மைதானத்தில் இன்னொரு கிடங்கு கட்டினார்கள், ஜப்பான் சண்டையில் குண்டு விழுந்து அதுவும் போயிற்று. அக்கரை மில் இல்லை, மெட்ராஸ் கப்பல் இல்லை, எங்களோடு ஆடியவர்களில் யாரும் இல்லை. நேற்று கடையைவிட்டு எழுந்தபோது அந்த வாலிபர்களில் ஒருவன் என் காலை நன்றாக மிதித்துவிட்டான். பர்மிய மொழியில் ஏதோ முனகிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். இப்போது கால் பட்டால் இங்கே யாரும் குனிவதில்லை. காலம் கெட்டுவிட்டது என்று என் வயதுக்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். எனக்கு நிம்மதியாக இருக்கிறது.