"கைய எடுங்க" சிவசம்பு

சிவசம்பு தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்களை மூடியிருக்கிறார். மறுமுனையில் மனிதர் இல்லை. தொலைபேசிக் கம்பி வழியே பேசும் விமானக் கம்பெனியின் கணினி. அது கீச்சென்று கத்துவது எட்டி நிற்கிற நமக்கே கேட்கிறது. இவரோ தேவாரம் கேட்பவர்போல் தலையாட்டுகிறார். "லைன் உசுரோடதான் இருக்கு. உள்ளதான் விட மாட்டேங்குது."

பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் கணினி அடம்பிடித்தால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் திருப்புளி, அதோடு ஒரு திருநீற்றுப் பொட்டலம். பால் சேர்க்காத தே ஓ வாங்கி வைத்தாலும் வேலை முடியாமல் தொடமாட்டார். வந்ததும் முதல் வார்த்தை, "கைய எடுங்க." அடுத்தது, "நேத்துலேருந்து என்ன புதுசு?" யார் செய்தது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அன்று ஜெய்னுதீன் பாயின் டிக்கெட் கடை. நானும் காத்திருந்தேன். எனக்கு அவசரமில்லை, பக்கத்தில் இருந்த வீரம்மாவுக்குத்தான். சென்னையில் அவர் தங்கைக்கு இருதய ஆபரேஷன். பிடித்து வைத்த சீட்டைப் பகல் பன்னிரண்டுக்குள் உறுதி செய்யாவிட்டால் வேறு யாருக்கோ போய்விடும். கடைக் கணினியோ 'பாஸ்வேர்டு தப்பு' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவ தட்டிப் பாக்குறேன் லா," என்று பாய் கையை நீட்டினார்.

"கைய எடுங்க பாய். ரெண்டு தடவ தப்பாயிடுச்சு. மூணாவதும் தப்பானா ஏர்லைன்காரன் நாளைக்கு வரைக்கும் பூட்டிடுவான்." சிவசம்பு கீபோர்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "என்ன புதுசு?"

கடையில் வேலை செய்யும் சீதாலெட்சுமி மெதுவாகச் சொன்னார். "நேத்து ஏர்லைன் கம்ப்யூட்டரு பாஸ்வேர்ட மாத்தச் சொல்லிக் கேட்டுச்சுண்ணே. மாத்திட்டேன்."

"அங்க மாத்திட்டீங்க. நம்ம டிக்கெட் புரோகிராமு வேற கம்பெனி செஞ்சது. அதுக்கு யாரு சொன்னா? பழசயே சொல்லிக்கிட்டு நிக்குது."

"புதுச சொல்லு லெட்சுமி, நான் தட்டுறேன்!" என்றார் பாய்.

"வாயால சொல்ல முடியாது பாஸ்." அவர் முந்தானையைத் திருகினார். "வீட்டுக்காரர நான் கூப்பிடுற பேரு."

கடையே சிரித்தது, வீரம்மாகூட. "உன் புருஷன் சின்னையாவ என்னான்னுதான் கூப்பிடுற? சொல்லேன் லா!" பாய் விடவில்லை. சீதாலெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது.

சிவசம்பு சிரிக்கவில்லை. கீபோர்டை சீதாலெட்சுமி முன்னால் வைத்தார். "நீங்களே தட்டுங்கம்மா. புரோகிராமுல பழசு இருக்கற எடத்துல. ஒரே தடவதான், மெதுவா. தட்டுறது திரையில அப்படியே தெரியும்." பிறகு தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். கையை நீட்டி, பாயின் நாற்காலியையும் திருப்பிவிட்டார்.

எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கீச்சென்ற சத்தம். பிறகு டிக்கெட் அச்சாகும் சத்தம். வீரம்மா "முருகா" என்று எழுந்துவிட்டார். பாயும் திரும்பிவிட்டார்.

சிவசம்பு மட்டும் திரும்பவில்லை. "திரையில அந்தப் பேரு போயிடுச்சாம்மா?" என்று சுவரைப் பார்த்தே கேட்டார்.