யார்ட மகள் நீ?

அவசர அழைப்பை எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது "எங்கே இருக்கிறீர்கள்?" என்பது. பயிற்சியில் அதைத்தான் சொல்லித் தந்தார்கள். என்ன நடந்தது, பெயர் என்ன என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். லைன் அறுந்தாலும் இடம் கையில் இருந்தால் வண்டியை அனுப்பிவிடலாம். நானோ வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே அந்த வரிசையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டேன்.

புத்தளத்தில் எங்கள் அறையில் ஏழு கதிரைகள். ஆறில் சிங்களத்தில் கதைப்பவர்கள், ஏழாவதில் நான். தமிழில் யார் அழைத்தாலும் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். எங்கள் கரையில் வீட்டு இலக்கத்தைச் சொன்னால் தபால்காரரே தலையைச் சொறிவார். "யார்ட மகள் நீ?" என்று கேட்டு வாப்பாவின் பெயரை வாங்கிவிட்டால் போதும், கல்பிட்டி முதல் மதுரங்குளி வரை வீட்டு வாசலைச் சொல்லிவிடுவேன். மதுரங்குளியில் வாப்பாவின் கடையில் வளர்ந்தவள் நான். யார் யாருக்கு என்ன முறை, யார் யாரோடு கோபம், எல்லாம் அத்துப்படி. பிரசவ வலி வந்த ஒரு பிள்ளைக்கு இப்படிக் கேட்டுத்தான் வண்டியை நேரே வாசலுக்கு அனுப்பினேன். இந்தத் தங்கச்சியின் தலைக்குள் ஒரு வரைபடமே இருக்கிறது என்று பொறுப்பதிகாரி எல்லோருக்கும் முன்னால் சிங்களத்தில் சொன்னார். எனக்குத் தலைக்கனம் ஏறியது. அதை இப்போது மறைத்து என்ன பயன்.

அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை நேரம். பக்கத்துப் பள்ளிவாசலில் பயான் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. அழைப்பு வந்தது. மூச்சுத்தான் முதலில் கேட்டது, பிறகு ஒரு பெண்பிள்ளையின் குரல்.

"தமிழா ராத்தா? மெதுவாத்தான் கதைக்க ஏலும்."

எங்களில் அக்காவை ராத்தா என்போம். அந்த ஒரு சொல்லிலேயே எங்கள் ஆள் என்று விளங்கிவிட்டது.

"சொல்லுங்க."

"பஸ் ஹோல்ட்ல நிண்ட என்னைய வேன்ல இழுத்துப் போட்டுட்டாங்க. ஒரு அறைக்குள்ள பூட்டி வெச்சிரிக்காங்க. கைப்பையப் பறிச்சிட்டாங்க, இந்தச் சின்னப் போன் அபாயாக்குள்ள இருந்த. கட்டி முடியாத வீடு ராத்தா, காத்தாடி சுத்துற சத்தம் கேக்குது."

"யார்ட மகள் நீ?"

"இங்க ஜன்னலுக்குப் பலகை அடிச்சிரிக்கி. காத்தாடி கிட்டத்தான்..."

"அதெல்லாம் பொறகு. வாப்பா ஆரு?"

சொன்னாள். எனக்குத் தெரிந்த மனிதர். இரண்டு வருடத்துக்கு முன் மௌத்தாகிவிட்டார். உயிரோடு இருந்தபோது எங்கள் கடை வாங்குப் பலகையில் குந்தியிருந்து பத்திரிகை படிப்பார். அவருடைய மூத்த பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. சிலாபம் பக்கத்துப் பொடியன் ஒருவனோடு அவள் கதைக்கிறாள் என்று போன மாதம் ஒரு கலியாண வீட்டில் யாரோ சொன்னார்கள். நானும் நாடியில் கை வைத்துக்கொண்டு, "அப்படியா" என்று கேட்டவள்தான். அந்தக் கதை இப்போது வந்து மூளையில் குந்திக்கொண்டது. ஓடிப் போயிருக்கிறாள், போன இடத்தில் பயம் வந்துவிட்டது, அதுதான் விஷயம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். எனக்குக் கோபம் வேறு வந்தது.

"அந்தப் பொடியனோட போய்ட்டு இப்பத்தான் உம்மாட நெனப்பு வந்ததோ?"

"எந்தப் பொடியன்? அல்லாஹ்வுக்காக ராத்தா, பொலிஸ அனுப்புங்க."

"பொலிஸ் வந்தா ஊரே வாசல்ல நிக்கும். பொறகு உம்மா வெளிய தலை காட்ட ஏலுமா? கொஞ்சம் பொறு, நான் ஒழுங்கு பண்றேன்."

நான் கதைப்பது அவளுக்குக் கேட்காமல் இருக்க ஒரு பொத்தானை அழுத்தினேன். அவள் பக்கத்துச் சத்தம் மட்டும் வலது காதில் வந்துகொண்டிருந்தது. என் சொந்தப் போனை எடுத்து, அவளுடைய மாமாவை அழைத்தேன். வாப்பாவின் தங்கையைக் கட்டியவர். பள்ளியில் முன்வரிசை ஆள். ஊரில் எந்தப் பிரச்சினை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சத்தமில்லாமல் போய்ப் பிள்ளையைக் கூட்டி வருவார், வெளியே ஒரு குருவிக்கும் தெரியாது என்று நினைத்தேன். பெரிய உதவி செய்கிறேன் என்றுதான் நம்பினேன்.

இடது காதில் மணி போனது. வலது காதிலும், சுவருக்கு அப்பால், ஒரு போன் அடித்தது. அது எனக்குக் கேட்டது. கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. ஜும்ஆ நேரத்தில், இமாம் மிம்பர் மேடையில் ஏறிய பிறகு, இந்த மனிதர் எப்படி இரண்டாவது மணியிலேயே போனை எடுக்கிறார் என்றும் உறைக்கவில்லை.

"சொல்லுங்க மகள்," என்றார். என் இலக்கம் அவரிடம் இருந்தது.

"மாமா, உங்கட மச்சான்ட மூத்த பிள்ள எங்கட அவசர லைன்ல இரிக்கி. எங்கயோ பூட்டி வெச்சிரிக்காங்களாம்."

"லைன்லயா? இப்பவா?"

அந்தக் குரல் என் இரண்டு காதிலும் விழுந்தது. இடது பக்கம் கிட்டத்தில். வலது பக்கம் ஒரு கதவுக்கு வெளியே, கொஞ்சம் பிந்தி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொத்தானைத் தேடி அழுத்தி, "போன ஒளிச்சி வை மகள், ஒளிச்சி வை," என்று கத்தினேன். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. "மாமா, வேணாம்," என்றாள் அவள். லைன் அறுந்தது.

இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. மாமா தன் மகனுக்கென்று கல்பிட்டி வீதியில், ஊரில் காத்தாடி என்று சொல்லும் காற்றாலைகளுக்குக் கிட்ட, ஒரு வீட்டைத் தொடங்கிக் கூரைமட்டத்தில் விட்டிருந்தார். காத்தாடி என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். இரண்டு தரமும் நான் வாயை அடைத்தேன். பொறுப்பதிகாரியிடம் ஓடி இடத்தைச் சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். "பிள்ளை சொன்னது," என்றேன். அது பொய்யில்லை. சொல்லாமல் விட்டதுதான் பொய். எங்கள் அறையில் குரல் பதிவாவதில்லை, நாங்கள் எழுதும் குறிப்புத்தான்; நான் மாமாவுக்கு எடுத்த அழைப்பை அதில் எழுதவில்லை.

பொலிஸ் போய்ச் சேர முப்பத்தைந்து நிமிடம். அந்த நேரம் முழுக்க நான் கழிவறையில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவளைக் கொண்டுவந்துவிட்டார்கள். போனைப் பறிக்கும்போது முறுக்கியதில் இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. வீட்டில் மாமாவின் மகன் மட்டும் அகப்பட்டான். அவனுக்கு அவளைக் கட்டிவைத்தால் அவள் பெயரில் இருக்கும் தென்னந்தோட்டம் வெளியே போகாது, அதற்காக அடைத்து வைத்துக் கலியாணத்துக்கு ஓம் சொல்ல வைக்கப் பார்த்திருக்கிறார்கள். பொடியன் என்று ஒருவனும் இல்லை. மாமா என் அழைப்பு கிடைத்த கையோடு அந்த வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்குப் போய்க் கடைசி வரிசையில் தொழுதிருக்கிறார். நாலு பேர் கண்டிருக்கிறார்கள். எல்லாம் மகன் செய்த வேலை, தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னார். ஊரும் நம்பியது.

அலுவலகத்தில் எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் தந்தார்கள். கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு வாங்கினேன். அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் அதைக் குப்புறப் போட்டேன்.

மூன்று கிழமை கழித்து அந்தப் பிள்ளையும் உம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உம்மாவின் கையில் ஒரு சட்டி வட்டிலப்பம். "இந்த ராத்தா இல்லாட்டி எனக்கு இண்டைக்கிப் பிள்ள இல்ல," என்று என் கையைப் பிடித்து அழுதார். எனக்கு நிலம் பிளந்தால் தேவலை என்று இருந்தது. எங்கள் உம்மா அவரைக் குசினிக்குக் கூட்டிப் போனதும் நானும் அவளும் தனியே இருந்தோம். கையில் மாவுக்கட்டு.

"அண்டைக்கி மாமாட போனுக்கு எடுத்தது நீங்கதானே, ராத்தா?"

"ஓம்," என்றேன்.

"கதவுக்கு வெளிய அவர் கதைச்சது கேட்டது."

"பொலிஸ்ல சொல்லலையா?"

"அவர் அங்க இருந்த எண்டு சொன்னேன். நம்பல்ல. உங்களப் பத்திச் சொல்லல்ல."

"ஏன்?"

அவள் மாவுக்கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். "உங்கட வேல போயிரும். நீங்க யார்ட மகள் எண்டு ஊருக்கே தெரியும். உங்கட வாப்பா பாவம்தானே, ஊருக்குள்ள எப்படி நடப்பார்."

குத்திச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனதாரத்தான் சொன்னாள். குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். என் வாப்பாவின் மானத்தைக் காப்பாற்ற, உடைந்த கையோடு, தன் பக்கத்துச் சாட்சியான என்னை அவள் வாய்க்குள் பூட்டி வைத்திருந்தாள். உம்மாமார் தட்டுகளோடு வந்தார்கள். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் வட்டிலப்பம் சாப்பிட்டேன். நல்லாயிருக்கு என்றும் சொன்னேன்.

அதற்குப் பிறகும் எட்டு நாள் இழுத்தேன். என் போனில் அந்த அழைப்பு, நேரத்தோடு, "மாமா" என்ற பெயரில் அப்படியே இருந்தது. அழித்துவிடலாம் என்று இரண்டு தரம் விரலை வைத்தேன். எட்டாம் நாள் பொறுப்பதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் அடையாள அட்டைக்குக் கை நீட்டினார். அங்கிருந்து பொலிஸுக்குப் போனேன்.

வாக்குமூலம் எழுதியவர் தமிழ் தெரிந்தவர். என் பெயரையோ வாப்பாவின் பெயரையோ அவர் முதலில் கேட்கவில்லை.

"அந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்க?"

"என் கதிரையில்," என்றேன். "அந்தப் பிள்ளை லைனில் இருந்தது."