கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவள்

அந்தச் சரக்கு லாரிக் கம்பெனி என் அண்ணன் மகளுக்கு நான்கு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தது. பணம் இல்லாமல் இல்லை, கொடுக்க மனசில்லாமல். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இரும்புக் குழாயைத் தோளில் தூக்கித் தெருத்தெருவாக விற்று, இன்றைக்கு மூன்று மாடிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் சரக்கு எடுத்துவிட்டுக் கம்பி நீட்டியவன் ஒருத்தன் கிடையாது. என் வீட்டுப் பெண்ணையே ஏய்க்கப் பார்த்தார்கள் என்றால் அவர்களுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்!

அவளை வீட்டில் பட்டாசு என்று கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தது நான்தான், சரியாகத்தான் வைத்திருக்கிறேன். அப்பன் போன பிறகு செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து கம்ப்யூட்டருக்குத் தாவினாள். எங்கோ தூரத்துக் கட்டடங்களில் ஓடும் மெஷின்களை வீட்டு மேசையிலிருந்தே கவனித்துக்கொள்வதுதான் கடைசியில் அவள் தொழிலானது. அவளுடைய லேப்டாப்புக்குக் கீல் உடைந்துவிட்டது. திரை பின்னால் சாயாமல் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருப்பாள். புதிது வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் சித்தப்பா. வாங்கிக் கொடுத்த கதையை நீங்க ஊர் பூரா சொல்லுவீங்க. அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

யாரிடமும் கை நீட்ட மாட்டாள். அதில் அப்படியே என் ரத்தம். வாய் மட்டும் அவள் அம்மா வழி.

அவள் மெஷின்களுக்குள் போக ஒரு சாவி உண்டு. இரும்புச் சாவி இல்லை, லேப்டாப்பில் இருக்கும் ஒரு கோப்பு. அதை ஒரு நீளமான ரகசிய வாக்கியம் போட்டுப் பூட்டி வைத்திருப்பாள். ஒவ்வொரு மெஷினுக்கும் அந்த வாக்கியத்தை அடித்துக்கொண்டிருந்தால் விரல் தேய்ந்துவிடும் அல்லவா? அதற்காக லேப்டாப்பின் கறுப்புத் திரைக்குள் ஏஜென்ட் என்று ஒருவன் இருக்கிறான், ஆள் இல்லை, ஒரு புரோகிராம். காலையில் ஒரு தடவை வாக்கியத்தைச் சொல்லிச் சாவியை அவனிடம் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் எந்த மெஷின் "நீ யார்" என்று கேட்டாலும் அவளுக்குப் பதிலாக அவன் பதில் சொல்வான். சாவியை மட்டும் யாரிடமும் தர மாட்டான். அவள் சொன்ன உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. என் கல்லாவில் இருப்பவரும் அப்படித்தான், பெட்டிச் சாவியைக் கண்ணில் காட்ட மாட்டார்.

மூன்று மாதமாகச் சம்பளம் இழுபறியாக இருந்தது. நான்காவது மாதமும் கைக்கு வரவில்லை என்றதும் வேலையை விட்டு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டாள். மறுநாளே மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

"எங்க ரேட்டு விவரம் பூரா போட்டிக் கம்பெனிக்குப் போயிருக்கு. ரேட்டு இருக்கற மெஷினுக்குள்ள போனது உங்க சாவி. சம்பளத்தை மறந்துடுங்க. போலீசுக்குப் போகாம விட்டதே பெரிசு."

திருடி! என் அண்ணன் மகள் திருடி! எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் அடுக்களையில் ஒரு பாத்திரத்தைத் தூக்கி எறிந்தாள், அது உருண்டு என் காலடியில் வந்து நின்றது. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள்.

"சாவி என்னை விட்டு எங்கயும் போகல சித்தப்பா. எவனோ என் ஏஜென்ட் கிட்டப் பதில் வாங்கியிருக்கான்."

அந்தக் கம்பெனியில் ஒரு நடைமுறை. யாரும் நேராக எந்த மெஷினுக்கும் போகக் கூடாது. முதலில் நடு மெஷின் என்று ஒன்றுக்குள் போய், அங்கிருந்துதான் மற்றவற்றுக்குப் போக வேண்டும். அப்படிப் போகும்போது தன் ஏஜென்ட்டின் குரல் நடு மெஷின் வரை கேட்கிற மாதிரி திறந்துவிட வேண்டும். இது ஆபத்து என்று சேர்ந்த புதிதிலேயே சொன்னாளாம். சொன்னதைச் செய் என்று வாயை அடைத்திருக்கிறார்கள். அவள் உள்ளே இருக்கும் நேரத்தில் நடு மெஷினில் முழு அதிகாரம் உள்ளவன் அவள் ஏஜென்ட்டைத் தட்டிக் கேட்கலாம். ஏஜென்ட்டும் இவள்தான் கேட்கிறாள் என்று நம்பிப் பதில் சொல்லிவிடுவான்.

"அந்த நடு மெஷின் யார் கையில இருக்கு?"

"மேனேஜரோட மச்சான் கையில."

எனக்கு வேறு ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வேலையை ஒப்படைக்க வரச் சொல்லியிருந்தார்கள். கிளம்பும் முன் ஏஜென்ட்டிடம் இருந்த சாவியைப் பிடுங்கிவிட்டு, ஒரு நிபந்தனையோடு திரும்பக் கொடுத்தாள்: இனிமேல் யார் கேட்டாலும் என்னைக் கேட்காமல் பதில் சொல்லாதே. எனக்கும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீங்க வரலாம். வாயைத் திறக்கக் கூடாது."

"நான் என்னைக்கும்மா அனாவசியமா..."

"சித்தப்பா!"

ஆபீஸ் கூடத்தில் நின்று வேண்டுமென்றே உரக்கச் சொன்னாள். "இன்னைக்கு ஒரே ஒரு தடவை உள்ள போவேன். ஒப்படைச்சதும் சாவியை அழிச்சிடுவேன்." காதில் விழ வேண்டியவனுக்கு விழுந்தது. ஒல்லியாக, வாசனை பூசிக்கொண்டு நின்ற அந்த மச்சான் பக்கத்து அறைக்குள் நழுவினான். புது மாத ரேட்டு அன்று காலைதான் ஏற்றியிருந்தார்கள். அதை எடுக்க, அவள் உள்ளே போகும் அந்த ஒரு தடவையை விட்டால் அவனுக்கு வேறு வாய்ப்பில்லை.

மேனேஜர் அறையில் லேப்டாப்பைத் திறந்தாள். முட்டுக்கொடுக்க என் கைதான் கிடைத்தது. நடு மெஷினுக்குப் போகும்போது திரையில் ஒரு பெட்டி வந்து, சாவியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, ஆரம்பிக்கலையா?"

"நான் ஆரம்பிச்சாச்சு சார். இனி வேற ஒருத்தர் ஆரம்பிக்கணும்."

மேனேஜர் முகத்தைச் சுளித்தார். மின்விசிறி கடகடவென்று சுற்றியது. என் கை மரத்துப்போனது. பெட்டி மறுபடியும் வந்தது. பயன்படுத்தலாமா?

"சார், என் கை எங்க இருக்கு?"

அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"சும்மா சொல்லுங்க சார். என் கை எங்க இருக்கு?"

"கட்டியிருக்கீங்க."

"அப்ப இப்ப என் சாவியைக் கேக்கறது யாரு?"

ஒரு விரலை நீட்டி, முடியாது என்று அழுத்தினாள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் "சே" என்று ஒரு குரல். மறுபடியும் பெட்டி. முடியாது. மறுபடியும். முடியாது. அந்தப் பக்கம் விசைப்பலகையை யாரோ ஓங்கிக் குத்தினார்கள்.

நான் எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்? "யோவ், எழுந்து போய்ப் பாரய்யா!" என்று கத்திவிட்டேன். அவள் என்னை முறைக்கக்கூட இல்லை.

மேனேஜர் எழுந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தள்ளினார். மச்சான் திரையில் ரேட்டு மெஷினின் பெயரும், அதன் கீழே அனுமதி மறுப்பு என்ற வரி வரிசையாகவும் நின்றன.

"நெட்வொர்க் செக் பண்றேன் அத்தான்."

"அவங்க சாவியிலயா செக் பண்ற?"

ஒரு அறையாவது விடுவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தார். "குடும்ப விஷயம். வெளிய வேண்டாம். அடுத்த மாசம் உங்க அக்கவுண்ட்ல போட்டுடறேன்" என்றார். திருட்டைவிட அந்தக் குழைவுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது.

அவள் எழுந்து நின்றாள். "திருடின்னு சொல்றதுக்கு அடுத்த மாசம் வரைக்கும் காத்திருந்தீங்களா சார்? டிரைவருங்களுக்குக் கொடுக்கப் பெட்டியில பணம் இருக்கும். எடுங்க."

ஏஜென்ட்டிடம் இருந்த சாவியை ஒரே வரியில் பிடுங்கிவிட்டு லேப்டாப்பை மூடினாள். பணப் பெட்டி வந்தது. மேனேஜர் நோட்டுக் கட்டை எடுத்து, பெரியவர் என்ற மரியாதையில் என் பக்கம் நீட்டினார்.

"என்கிட்ட எதுக்கு? நான் உங்ககிட்ட வேலை பார்த்தேனா? அவ கையில வைங்க. எண்ணி வைங்க."

அவள் கையை விரித்தாள். அவர் எச்சில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு தாளாக வைத்தார். பாதியில் நிறுத்தினாள்.

"இது கிழிஞ்சிருக்கு. மாத்துங்க."

மாற்றினார். கடைசித் தாள் வரை, விரித்த அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.