“டெனிஷில கதை!” – எஸ்பியர்க் கியோஸ்க்கில் நான் பட்ட பாடு

கியோஸ்க் வேலைக்கு நாள் முழுக்க நிற்க இரண்டு கால் வேண்டும், கேட்டதை எடுத்துக் கொடுக்க இரண்டு கை வேண்டும். வாயும் இருந்தால் அதனால் வில்லங்கம்தான்.

வந்த நாட்டில் ஒரு சாமான் கேட்டு வேறொரு சாமானோடு வீடு திரும்பியவர்களே, உங்களுக்குத்தான் இது. யாழ்ப்பாணத்தில் நான் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவன். இங்கிலிஷில் கடிதம் எழுதுவேன், இங்கிலிஷில் ஏசவும் ஏசுவேன். இங்கிலிஷ் தெரிந்தவன் உலகத்தில் எங்கேயும் பிழைக்கலாம் என்பது என் நம்பிக்கை. உலகத்தில் டென்மார்க்கும் இருக்கிறது என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

எஸ்பியர்க் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கியோஸ்க்கில் எனக்கு வேலை. பேப்பர், சிகரெட், பியர், சுடுதண்ணீரில் மிதக்கும் சொசேஜ். மனைவி மலரும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தேன். தமிழரின் விண்ணப்பங்கள் அசையாமல் கிடந்த காலம் அது. பிறகு அதுதான் ‘தமிழர் வழக்கு’ என்று பெரிதாகி அரசாங்கத்தையே ஆட்டியது. அப்போது எங்களுக்கு அது பதில் வராத ஒரு கடிதம், அவ்வளவுதான். டெனிஷ்காரர் சொன்னவற்றை யாழ்ப்பாணத் தமிழில் தருகிறேன். அவர்கள் எல்லோரையும் ‘நீ’ என்றுதான் சொல்வார்கள். அதற்குக் கோவிக்க வேண்டாம்.

மூன்றரை

கியோஸ்க் முதலாளி இங்கா ஐம்பத்தைந்து வயது மனுசி. கணவன் செத்த பிறகு தனியாகக் கடை நடத்தினாள். வேலை கேட்டுப் போனபோது, “நாளைக்கு ‘ஹல் த்ரே’க்கு வா” என்றாள். ‘ஹல்’ என்றால் அரை, ‘த்ரே’ என்றால் மூன்று. மொழிப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டேனே! மூன்றரைக்குச் சரியாக, தலை வாரி இழுத்து, சப்பாத்து மினுக்கிக்கொண்டு போய் நின்றேன்.

இங்கா கையைக் கட்டிக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தாள். டெனிஷில் ‘அரை மூன்று’ என்றால் மூன்றை நோக்கிப் போகிற அரையாம். அதாவது இரண்டரை. நான் ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டேன். எங்கள் ஊரில் மூன்றரை என்றால் மூன்றும் பிறகு அரையும் என்று, விரலை மடக்கிக் காட்டி, பாதி டெனிஷிலும் பாதி இங்கிலிஷிலும் விளங்கப்படுத்தினேன். அவள் ஒரு ஏப்ரனை எடுத்து என்மேல் எறிந்தாள்.

“அப்ப உன்ர நாட்டில மணி வந்து முடிஞ்ச பிறகுதான் அரை வரும். இஞ்ச அரை முதல் வந்து மணிக்காகப் பாத்துக்கொண்டு நிக்கும். அதை மாதிரி நீயும் நாளைக்கு முதலே வந்து நில்.”

கிஃப்ட்

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை ஒரு மீன்பிடிகாரன் வந்து, “நீ கிஃப்டோ?” என்று கேட்டான். நான் கிஃப்ட் என்றால் பரிசு என்று நினைத்து, “இல்லை, நான் சம்பளத்துக்கு நிக்கிறன்” என்று பதில் சொன்னேன். அவன் வந்து போகிற ஆட்களுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தான். டெனிஷில் கிஃப்ட் என்றால் கலியாணம் முடித்தவன் என்று பிறகுதான் தெரிந்தது. சரி, ஒரு சொல் படித்தாயிற்று.

மார்கழி மாதம் கடைக்கு நத்தார்ச் சோடினை செய்யச் சொன்னாள் இங்கா. பின்னறையில் தேடியபோது ‘GIFT’ என்று பெரிய எழுத்தில் போட்ட மஞ்சள் பெட்டி நாலைந்து கிடந்தது. கலியாணத்தைப் பெட்டியில் அடைத்து விற்கமாட்டார்கள், ஆகவே இந்த இடத்தில் பரிசாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு கட்டினேன். சிவப்பு ரிபன் கட்டி, கண்ணாடி யன்னலில் பஞ்சுப் பனிக்கு நடுவில் அடுக்கினேன். வடிவாகத்தான் இருந்தது. தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள், எனக்குப் பெருமை.

இங்கா வந்து ஒரு பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தில் மண்டையோட்டுப் படம். அது எலி மருந்து. நஞ்சுக்கும் டெனிஷில் அதே சொல்தானாம். கலியாணத்துக்கும் நஞ்சுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற சனத்தோடு என்ன கதைப்பது என்று நான் கேட்டேன். அவள் ரிபனை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

“முப்பது வருஷம் கலியாணம் முடிச்சிருந்து பார், ஒரு சொல் போதும் எண்டு உனக்கும் விளங்கும்.”

பன்னிரண்டு வருஷ ரோய்

ரோய் இங்கிலாந்துக்காரன். வடகடல் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வந்து, டெனிஷ் பெண்ணைக் கட்டி, பன்னிரண்டு வருஷமாக எஸ்பியர்க்கில் இருந்தான். அவனுக்குத் தெரிந்த டெனிஷ் இரண்டு சொல்: ஒன்று நன்றி, மற்றது பியர். பியரை முதலில் சொல்வான். நல்ல மனுசன். என்னோடு இங்கிலிஷ் கதைக்கக் கிடைத்ததில் அவனுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

ஹொல்கர் என்று இன்னொருவர், சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு காலையும் ஒரே பேப்பரை வாங்குவார். நான் வணக்கம் சொன்னால் காதைத் தடவி, “என்ன சொல்லுறாய், விளங்கேல்லை” என்பார். ஒருநாள் ரோய் நெருப்புப்பெட்டி கேட்டான், நான் இங்கிலிஷில், “வேறேதும் வேணுமோ?” என்றேன். பின்னால் நின்ற ஹொல்கருக்கு முகம் சிவந்துவிட்டது. “டென்மார்க்கில டெனிஷில கதை!” என்று என்னைப் பார்த்துக் கத்தினார். கத்திவிட்டு ரோயின் பக்கம் திரும்பி, வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி இங்கிலிஷில், “இண்டைக்குக் காத்து கொஞ்சம் கடுமைதானே?” என்று விசாரித்தார்.

ரோய் போனபிறகு, “அவர் வந்து பன்னிரண்டு வருஷம், நான் வந்து ரெண்டு வருஷம்; அவருக்கு இந்தச் சட்டம் இல்லையோ?” என்று என் டெனிஷில் கேட்டேன். இந்த முறை ஹொல்கருக்கு என் டெனிஷ் உடனே விளங்கிவிட்டது.

“அவன் குடியேற வந்தவன் இல்லை. அவன் இங்கிலிஷ்காரன்.”

உருளைக்கிழங்கு

காலையில் பேப்பர் கட்டின் கயிற்றை வெட்டுவது என் வேலை. அந்த வருஷங்களில் வெட்டும்போதெல்லாம் முதல் பக்கத்தில் ‘தமிழர்’ என்று நிற்கும். என்னைப் பற்றி ஊரே வாசிக்கிறது. நான்தான் அதை எடுத்துக் கொடுக்கிறேன். சிலர் பேப்பரைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், பிறகு சொசேஜுக்குக் கடுகுச் சோஸ் கூடுதலாகப் போடச் சொல்வார்கள். ஆள் இல்லாத நேரத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசிப்பேன். எங்கேயாவது மலரின் விண்ணப்பம் எப்போது அசையும் என்று எழுதியிருக்குமோ என்ற ஆசை. அது இருக்காது.

இப்படிப் படித்த டெனிஷ் எப்படியிருக்கும்? மொழிப் பள்ளிக்கூடத்தில் வாய்மொழிச் சோதனை வந்தது. ஆசிரியை சந்தைப் படம் ஒன்றைக் காட்டி, இது என்ன, அது என்ன என்று கேட்டார். கரட் தெரியவில்லை. முட்டைக்கோவா தெரியவில்லை. உருளைக்கிழங்கைச் சுட்டிக் காட்டினார், அதுவும் வரவில்லை. பதறிப்போய், “குடும்ப இணைப்புக்கான விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதில் ஏற்பட்ட தாமதம் தொடர்பாக மந்திரி விளக்கமளிக்க வேண்டும்” என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆசிரியை பேனையை மேசையில் வைத்தார்.

“நான் உன்னட்டைக் கிழங்கு கேட்டன், நீ பாராளுமன்றத்தைக் கொண்டுவந்து கொட்டுறாய்.”

சூசை அண்ணையின் வழி

சூசை அண்ணை மன்னார் ஆள். மீன் தொழிற்சாலையில் வேலை. அவருக்கு இங்கிலிஷும் வராது, டெனிஷும் வராது, படிக்கவும் மாட்டார். “எதைக் கேட்டாலும் ‘யா’ எண்டு சொல்லிச் சிரிச்சால் போதும் தம்பி, ஒருத்தனும் ஒண்டும் செய்யமாட்டான்” என்பது அவர் கொள்கை. ‘யா’ என்றால் எங்கள் ‘ஓம்’, ஆமாம் என்பது. கொஞ்சக் காலம் அந்தக் கொள்கை நன்றாகத்தான் ஓடியது. என்னைவிட அவருக்குத்தான் டெனிஷ்காரச் சிநேகிதர் அதிகம்.

தை மாதம் ஒரு ஞாயிறு, மூன்று டெனிஷ்காரர் அவருடைய அறைக்கு வந்து காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏதோ சாப்பாட்டுக்குத்தான் என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறார். கார் நின்றது கடற்கரையில். குளிர்காலத்தில் கடலில் குளிக்கிறவர்களின் சங்கமாம் அது. சேர விருப்பமோ என்று முதலே தொழிற்சாலையில் கேட்டிருக்கிறார்கள், இவர் யா சொல்லியிருக்கிறார். துடைக்கத் துவாய் கொண்டுவந்தனியோ என்றும் கேட்டிருக்கிறார்கள், அதற்கும் யா. கரையில் ஐஸ் கட்டியிருந்ததாம். பின்னேரம் கியோஸ்க்குக்கு வந்து, சொசேஜ் வேகிற சட்டிக்கு மேலே இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பல்லு நடுங்கச் சொன்னார்:

“தம்பி, டெனிஷ் பிழையாய்க் கதைச்சால் உன்னைப் பாத்துச் சிரிக்கிறாங்கள். கதைக்காமல் ஓம் எண்டு சொன்னால் கடலுக்கையெல்லோ இறக்குறாங்கள்!”

கூட்டம்

ஒரு பின்னேரம் ஊர் மண்டபத்தில் கூட்டம். வெளிநாட்டவர் கட்டாயம் டெனிஷ் கதைக்க வேண்டுமோ என்று விவாதம். இங்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மேடையில் நாலு டெனிஷ்காரர் இருந்து எங்களைப் பற்றிக் கதைத்தார்கள். ஒருவர் கட்டாயம் என்றார், ஒருவர் மெல்ல மெல்லப் படிக்கட்டும் என்றார், மற்ற இரண்டு பேரும் கோப்பி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே முன்வரிசையில் ஹொல்கர் எழும்பி, “டெனிஷ் தெரியாதவனுக்கு மனுசி பிள்ளையைக் கூப்பிட ஏன் அனுமதி?” என்று கேட்டார். கைதட்டினார்கள். கூட்டத் தலைவர் என்னைக் கண்டுவிட்டு, “இஞ்ச ஒரு தமிழர் இருக்கிறார் போல. அவரும் ரெண்டு சொல்லுச் சொல்லட்டும். இங்கிலிஷில சொன்னால் எல்லாருக்கும் விளங்கும்” என்றார்.

நான் டெனிஷிலேயே சொல்வதென்று எழும்பினேன். எனக்கு டெனிஷ் வந்தது இரண்டு இடத்திலிருந்து: ஒன்று பேப்பர், மற்றது கியோஸ்க்குக்கு வரும் மீன்பிடிகாரர். அந்த மீன்பிடிகாரர் வசனத்துக்கு வசனம் ‘ஸ்கு’ என்று சேர்ப்பார்கள். நாங்கள் ‘ஐயா’ சேர்ப்பது மாதிரி ஒரு மரியாதைச் சொல் என்று நினைத்திருந்தேன். பெரிய சபை, ஆகவே மரியாதையைக் கொஞ்சம் கூடவே போட்டேன். “நான் ஸ்கு கலியாணம் முடிச்சவன். என்ர மனுசி ஸ்கு கொழும்பில இருக்கிறா. என்ர பிள்ளை ஸ்கு முதல் முதல் நடந்ததை நான் காணேல்லை. கொழும்பில ஸ்கு எந்தப் பள்ளிக்கூடத்திலயும் டெனிஷ் படிப்பிக்கிறதில்லை. ரெண்டு பேரும் இஞ்ச வந்தால்தானே ஸ்கு படிக்கலாம்?”

முதல் வசனத்துக்கே மண்டபம் குலுங்கியது. பிள்ளை நடந்ததைச் சொன்ன இடத்தில் சத்தம் அடங்கியது. பிறகு திரும்பவும் சிரிப்பு. இங்கா முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சொல் எங்கள் ‘சனியன்’ மாதிரி ஒரு ஏச்சு என்று காதுக்குள் சொன்னாள். அப்படியே நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. வாசலில் ஹொல்கர் மறித்துக்கொண்டு நின்றார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன்.

“நீ கதைக்கிறது டெனிஷ்தான், அதில எனக்குச் சந்தேகமில்லை. என்ர மனுசிக்கு முன்னால மட்டும் கதைச்சுப்போடாதை.”

மலர் கடைக்கு வந்தது

பேப்பரில் வந்துகொண்டிருந்த சண்டை ஒருவழியாக எங்கள் பக்கம் திரும்பி, கிடந்த விண்ணப்பங்கள் அசைந்தன. எனக்கும் கடிதம் வந்தது. அகராதி இல்லாமலே வாசித்து, இங்காவிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லி, சூசை அண்ணையிடமும் காட்டினேன். அவர் ‘யா, யா’ என்று கட்டிப்பிடித்தார். ஒரு வயதில் விட்டுவந்த மகள் ஐந்து வயதில் ரயிலால் இறங்கினாள். தாயின் சீலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, “இந்த மாமா ஏனம்மா அழுகிறார்?” என்று கேட்டாள்.

அடுத்த நாள் இங்காவுக்குக் காட்ட இருவரையும் கடைக்குக் கூட்டிவந்தேன். ஹொல்கர் பேப்பர் வாங்க வந்தார். நான் பயந்துகொண்டு நிற்க, மலர் அவரைப் பார்த்து, “குட் மோர்னிங் சேர், இந்தக் கடைக்கு ஒவ்வொரு நாளும் வருவீங்களோ?” என்று சுத்தமான இங்கிலிஷில் கேட்டாள். நான் வந்த புதிதில், இங்கே இங்கிலிஷ் போதும் என்று கடிதம் எழுதியிருந்தேனாம். அதை நம்பி, காத்திருந்த காலம் முழுக்க அவள் கொழும்பில் ஒரு டியூட்டரியில் இங்கிலிஷ் படித்து, என்னையும் தாண்டிவிட்டாள். ஹொல்கர் தொப்பியைக் கழற்றினார். தான் இரண்டு தரம் லண்டன் போனதையும், அங்கே குடை தொலைத்ததையும் அரை மணித்தியாலம் சொன்னார். “டென்மார்க்கில டெனிஷில கதையுங்கோ!” என்று உள்ளேயிருந்து இங்கா கத்தியது அவர் காதில் விழவில்லை. அவர் போனபிறகு மலர் என் பக்கம் திரும்பினாள்.

“இஞ்சருங்கோ, இந்த ஐயாவுக்கு இங்கிலிஷ் இவ்வளவு வடிவாய் வருதே, நீங்கள் ஏன் இத்தனை வருஷமாய் டெனிஷோடை மாரடிச்சனீங்கள்?”

வந்தவன் எந்த மொழியில் கதைக்க வேண்டும் என்ற வாக்குவாதம் இந்த நாட்டில் இன்னும் முடிந்தபாடில்லை. என் வீட்டில் மட்டும் மனைவி இங்கிலிஷில் ஏச, மகள் டெனிஷில் என்னைத் திருத்த, நான் தமிழில் ‘ஓம்’ என்று சொல்ல, அது என்றைக்கோ முடிந்துவிட்டது.