கேட்காத மன்னிப்பு

திருவிருந்து நாளில் மற்றவர்கள் எழுந்து முன்னே போகும்போது என் அத்தை மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். மடியில் வேதப்புத்தகம், அதன்மேல் மடித்த கைக்குட்டை, அதன்மேல் இரண்டு கைகள். முழந்தாளிட்டவர்களுக்கு அப்பத்தையும் கிண்ணத்தையும் கொடுத்து முடித்ததும் போதகர் ஒரு கணம் அத்தை இருக்கும் பக்கம் பார்ப்பார். அத்தை தரையைப் பார்ப்பார். போதகர் கிண்ணத்தைத் துணியால் மூடிவிடுவார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கோயில் கும்பிடும் குடும்பங்களே அதிகம். வேதக்காரர்கள் ஒரு சிறிய தகரக்கூரை ஆலயத்துக்குள் அடங்கிவிடுவோம். போதகர் மாதத்துக்கு ஒரு ஞாயிறு மலையேறி வருவார். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் திருவிருந்துக்கு எழுந்திருக்கக்கூடாது. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாக வேண்டும் என்ற போதனையை எங்கள் ஆட்கள் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் சனிக்கிழமை மாலை பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு கோப்பை காப்பி குடித்துச் சண்டையை முடித்துவிடுவார்கள். என் அத்தையால் அது முடியவில்லை. அவருடைய சகோதரி ஒவ்வொரு நாளும் அவருக்கு எதிரிலேயே நடந்துகொண்டிருந்தார்.

சகோதரி என்றால் உடன்பிறந்தவர் அல்ல, கூட்டாளி. தோழியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பக்கத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தவர், மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். கொழுந்து வெட்டும் இயந்திரத்தை ஒருவரால் தூக்க முடியாது. செடிகளின் நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து நடக்க வேண்டும். உயரம் பொருந்தாவிட்டால் வெட்டு சாயும். நடை பொருந்தாவிட்டால் கோணும். இவர்கள் இருவருக்கும் இரண்டும் பொருந்தியிருந்தன. எஞ்சின் இருக்கும் கனமான முனையை எப்போதும் கூட்டாளிதான் பிடிப்பார். காரணம் எங்களுக்குத் தெரியும். அத்தைக்குச் சின்ன வயதிலிருந்தே எப்போதாவது வலிப்பு வரும். வந்தால் எஞ்சினை உடனே அணைக்க வேண்டும்.

திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒரு வேதக்காரக் குடும்பம் அத்தையைப் பெண் பார்த்துவிட்டுப் போனது. பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் தனியாக வந்து, கடைப்பக்கம் நின்ற கூட்டாளியிடம் பெண்ணைப் பற்றி விசாரித்திருக்கிறார். கூட்டாளி வலிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். அந்தக் குடும்பம் திரும்பி வரவில்லை. வேறு யாரும் வரவில்லை.

அன்றிலிருந்து அத்தை அவரோடு பேசவில்லை. ஆனால் கங்காணி ஜோடியை மாற்ற மறுத்துவிட்டார். "பேசுறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க? வெட்டு நேரா இருக்கு, அது போதும்" என்றாராம். இருவரும் ஒரே இயந்திரத்தின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு, ஒரே அளவு அடி வைத்து, வருடக்கணக்காக மலைச்சரிவில் மௌனமாக ஏறி இறங்கினார்கள். எஞ்சின் சத்தத்தில் அந்த மௌனம் வெளியே தெரியாது. நிரையின் முடிவில் எஞ்சினை அணைக்கும்போதுதான் தெரியும்.

நான் ஈப்போவில் பத்திரிகை வேலைக்குப் போனபின் விடுமுறைக்கு வருவேன். ஒருமுறை அத்தையிடம் கேட்டேன்: கூட்டாளி சொன்னது பொய் இல்லையே? செய்தி அறையில், உண்மைதான் என்று உறுதியானால் கேள்வி முடிந்துவிடும். அத்தை கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"பொய் சொல்லியிருந்தா என்னைக்கோ மன்னிச்சிருப்பேன்டா. உண்மையத்தான சொல்லிட்டா."

ஒரு மழைக்காலத்தில் நிரையின் நடுவே அத்தைக்கு வலிப்பு வந்தது. அவர் கை தளர்வதற்கு முன்பே எஞ்சின் நின்றுவிட்டது என்று வெட்டிய கொழுந்து விழும் பையைப் பின்னால் பிடித்து வந்தவர் சொன்னார். அத்தனை வருடமும் கூட்டாளியின் கண் செடியில் இல்லை, எதிரே இருந்த முகத்தில்தான் இருந்திருக்கிறது. அத்தை கண் விழித்தபோது தலை கூட்டாளியின் மடியில் இருந்தது. எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் தன் முனையைப் பிடித்தாராம். அடுத்த திருவிருந்துக்கும் பெஞ்சிலேயே இருந்தார். நன்றி இருந்த இடத்திலேயே வருத்தமும் இருந்தது. ஒன்று மற்றொன்றை வெளியே தள்ளவில்லை.

பிறகு கூட்டாளி வேலையிலிருந்து நின்று, மகனோடு கீழே காய்கறி விளையும் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குக்குக் குடிபோனார். அத்தைக்கு வேறு ஜோடி வந்தது. வெட்டு சாய்ந்தது. போதகர் வரும் அடுத்த ஞாயிறு காலையில், ஆலயத்துக்குப் புடவை கட்டிக்கொண்டு நின்ற அத்தை, விடுமுறைக்கு வந்திருந்த என்னிடம், "கெரெத்தாவ எடு. கீழ போய்ட்டு வந்துரலாம்" என்றார். காரை எடுத்தேன்.

கூட்டாளி கொட்டகையில் முட்டைக்கோஸின் வெளி இலைகளை உரித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அத்தை நின்றபடியே சொன்னார்:

"மன்னிச்சிட்டேன்."

"நான் கேட்டனா?"

"கேக்கல. நீ கேப்பேன்னு பாத்துப் பாத்துத்தான் இவ்ளோ நாள் போச்சு."

"பொய்யா சொன்னேன் நானு?"

"இல்ல."

"அப்புறம் என்னாத்துக்கு மன்னிப்பு? உங்க சாமி சொல்லிச்சா?"

"ஆமா, சொல்லிச்சு. நான்தான் கேக்கல."

கூட்டாளி கையிலிருந்த முட்டைக்கோஸைக் கீழே வைத்தார். "அந்த வீட்டு அடுப்படியில நீ விழுந்து கெடந்தா யாருடி பாத்துக்குவா? அங்க நான் இருக்கமாட்டனே. அதான் வாய்ல வந்துருச்சு."

"அத முடிவு பண்ண நீ யாரு?"

"யாரும் இல்லதான்."

அத்தை ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு முட்டைக்கோஸை எடுத்து உரிக்கத் தொடங்கினார். "அப்படியா உரிப்பாங்க, பாதியத் தூர எறியிற" என்று கூட்டாளி அதட்டினார். நான் வெளியே வந்து காரில் சாய்ந்து நின்றேன். உள்ளே பேச்சு நிற்கவில்லை. பலமுறை மணியைப் பார்த்தேன். கூப்பிடவில்லை.

மேலே திரும்பும் சாலையில் சுற்றுலாக்காரர்களின் கார்கள் அடைத்து நின்றன. நாங்கள் போனபோது ஆலயம் பூட்டியிருந்தது. நான் வருத்தப்பட்டேன். அத்தை பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துச் சிரித்தார். "அடுத்த மாசம் இருக்குல்ல" என்றார். அடுத்த மாதம் எழுந்து போனார். இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக் குடித்தார். திரும்பி வந்து கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். நான் பார்த்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொண்டது மிகக் குறைவு. ஒருவருக்கு முழங்கால், மற்றவருக்குப் பேரப்பிள்ளைகள். ஒரு மழைநாளில் அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார். இப்போது எங்கள் நிரைகளில் வங்காளதேசத்துப் பையன்கள் இயந்திரம் பிடிக்கிறார்கள். ஆலயத்தில் திருவிருந்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சே போதும். மலையேறும் போதெல்லாம் பெர்த்தாமுக்குத் திரும்பும் இடத்தில் என் கை வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது.

போன மாதம் திரும்பினேன். கூட்டாளி கொட்டகை வாசலில் நாற்காலியில் இருந்தார். கண் மங்கியிருந்தது, குரல் மங்கவில்லை. என்னைப் பக்கத்தில் இழுத்து, முகத்தைத் தடவிப் பார்த்து, "அவ மூக்கு" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். மன்னித்தேன் என்று அத்தை சொன்னபோது என்ன தோன்றியது?

"கோவந்தான் வந்துச்சு" என்றார். "அவ சொல்ல வேண்டியதச் சொல்லிட்டா. மனசு லேசாயிருச்சு, போய்ட்டா. அத்தன வருசம் எதுத்தாப்புல நடந்துகிட்டு எங்கிட்ட ஒரு வார்த்த பேசலியே, அத நான் மன்னிச்சனான்னு கேட்டாளா?"

சாலையில் ஒரு காய்கறி லோரி இறங்கிப் போனது. அதன் சத்தம் அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"மன்னிச்சிட்டேன்தான் தம்பி" என்றார். "சொல்லத்தான் ஆளில்ல லா."