இடது காலை மட்டும் அளந்த மீட்டர்

நான் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை. சைக்கிள் பந்தயத்துக்குத் தயாரான தங்கைக்கு, மிதிக்கும் பலத்தைக் காட்டும் பவர் மீட்டர் வாங்கினேன். இடது காலை மட்டும் அளந்து, அதையே இரட்டிப்பாக்கிக் காட்டும் மலிவு ரகம். தெரிந்தே வாங்கி, பிறகு மறந்துபோனேன்.

ஒரு வாரமாக ஏற்றத்தில் எண் இறங்கிக்கொண்டே வந்தது.

"தண்ணி போற கான்ல வழுக்குனதுலேருந்து இடது காலு வலிக்குதுண்ணே."

"நடிக்காத! கொறைஞ்சா அரைப்பேர்தான், மிதி!" பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தபடி கத்தினேன். கொழுந்து குறைந்த பெண்களிடம், அரை நாள் கூலிதான் என்று, தினமும் சொல்வதுதான்.

ஹாலிஎல ஏற்றத்தில் சரிந்து விழுந்தாள். பதுளை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். இடது கால் எலும்பில் விரிசல்.

"வலது காலாலதாண்ணே ஏறிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

இப்போது கொழுந்து நிறை குறைந்து வருபவர்களிடம் முதலில், "ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்கிறேன். தங்கையிடமும் தினமும் கேட்கிறேன். அவள் மீட்டரைக் கை காட்டுகிறாள்.