பறி வாயில் இருக்கும்போது

எண்ணூர் ஆற்றில் இறால் தடவுகிறவர்களின் இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். அதனால் பிடித்த இறாலைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் இடுப்பளவு தண்ணீரில் நகர வேண்டும். பறி வாயில் இருந்தால் பேச முடியாது. அப்பாவோடு சண்டை வந்தால் அம்மா சட்டென்று பறியைக் கடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடுவாள். அவர் கரையில் நின்று கத்துவார். அவள் பாட்டுக்கு அலையாத்தி மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருப்பாள். என்ன சுகமான நிழல் அது! நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

பிறகு ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து படிந்தது. மரம் பட்டுப்போனது, இறாலும் அருகிப்போனது. நான் கல்மண்டபம் சந்தையில் மீன் விற்கப் போய்விட்டேன். அக்கா மட்டும் விடாமல் இறங்கிக்கொண்டிருந்தாள்.

சில வருஷங்களுக்கு முன் அரசாங்கப் பணத்தில் மறுபடி அலையாத்தி நட வந்தார்கள். கன்று நடும் வேலை எங்கள் பெண்களுக்கே கிடைத்தது, நானும் அக்காவும் போனோம். நட்டதைப் பார்க்க வந்த அதிகாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. கன்றுகளுக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் சேறு, வளைந்து வளைந்து தண்ணீர் வரைக்கும் போனது. பேசி வைத்துச் செய்ததல்ல. அது அம்மா காலத்து இறங்குவழி; எங்களில் யாருக்கும் அங்கே கன்று வைக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான். இடைவெளி விட்டால் அடுத்த தவணைப் பணம் வராது, தயவுசெய்து நிரப்பிவிடுங்கள் என்றார். அவர்மேலும் தப்பில்லை. ஆனால் அந்த வழி அடைபட்டால் அக்காவின் பிழைப்பு போச்சு.

அக்கா அந்த அதிகாரியை நிதானமாகக் கேட்டாள்: "எறால் வரத்தான் மரம் வெக்கிறோம்னு சொன்ன. வந்த எறால புடிக்க நான் எந்தப் பக்கமா எறங்குறது, நைனா?"

பதிலுக்குக் காத்திராமல் பறியைக் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அப்படியே அம்மா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதிகாரி அவள் போன வழியைக் கரையோரமாக நடந்து பார்த்தார். கன்றுகளுக்கும் தண்ணீர் வந்துபோக வேண்டுமே, இதையே வாய்க்காலாக வெட்டிக் கணக்கில் காட்டிவிடலாம் என்றார். வெட்டினோம்.

இப்போது மரங்கள் என் தோளுக்கு மேல் நிற்கின்றன. இறாலும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. ஆனால் பாழாய்ப்போன சர்க்கரை வியாதி அக்காவின் முன்பற்களைக் கொண்டுபோய்விட்டது. அவள் வாயில் பறி நிற்பதில்லை. அதனால் நான் இறங்குகிறேன். அவள் கரையில் உட்கார்ந்து அங்கே தடவு, இங்கே தடவு என்று ஓயாமல் தொணதொணக்கிறாள். நான் பதில் சொல்லாமல் போய்க்கொண்டிருக்கிறேன். பறி வாயில் இருக்கிறதே.